மீட்கச் செல்வோரின் உயிருக்கு யார் பொறுப்பு?

அஸ்ஸாம் மாநிலம் திமா ஹசாவ் மாவட்டத்தின் உம்ராங்சோ பகுதியில் உள்ள நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் 2025 ஜனவரி 6-ஆம் தேதி திடீரெனத் தண்ணீர் புகுந்தது. ஒன்பது தொழிலாளர்கள் உள்ளே சிக்கிக்கொண்டனர். ராணுவத்தினரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் விரைந்தனர்; விசாகப்பட்டினத்திலிருந்து கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் வரவழைக்கப்பட்டனர். ஜனவரி 8-இல் ஒருவரது உடலை முக்குளிப்பு வீரர்கள் மீட்டனர். 11-ஆம் தேதி மேலும் மூவரின் உடல்கள் கிடைத்தன. எஞ்சிய ஐவரின் உடல்கள் வெளியே வந்தது பிப்ரவரி மூன்றாம் வாரத்தில். ஆறு வாரங்களுக்கும் மேலாக நீரை இறைத்துக் கொட்டிய பிறகு.

இடைப்பட்ட நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களிலும் சுரங்கத்தின் வாயிலில் காத்திருந்த உறவினர்களிடமும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப எழுந்தது. கடற்படையே வந்துவிட்டது, பிறகும் ஏன் அவர்கள் உள்ளே இறங்கித் தேடவில்லை? உறவுகளை இழந்து தவிப்போர் இப்படிக் கேட்பது இயல்பு. ஆனால், ஆட்சியாளர்களும் ஊடகங்களும் அதே கேள்வியைக் கேட்கும்போது அது அழுத்தமாக மாறுகிறது. அந்த அழுத்தம் சில வேளைகளில் மீட்கப் போனவரின் உயிரையும் வாங்கிவிடுகிறது.

நமது ஏடுகள் இப்பணியாளர்களை ‘ஆழ்கடல் நீச்சல் வீரர்கள்’ என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழ் ஏடுகளில் ‘சுழியோடி’ என்ற அழகான சொல் புழங்குகிறது. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்த மரபின் நினைவு அதில் இருக்கிறது. நம்முடைய சொல்லில் உள்ள ‘நீச்சல்’ என்பதே ஒரு தவறான எண்ணத்தை விதைத்துவிடுகிறதோ என்று தோன்றுகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர் முக்குளிக்கலாம், முக்குளிக்கத் தெரிந்தவர் மூழ்கிய கப்பலுக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் புகலாம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் இவை மூன்றும் வெவ்வேறு தொழில்கள்.

திறந்த நீரில் முக்குளிப்பவருக்கு ஒரு பெரும் பாதுகாப்பு உண்டு: தலைக்கு மேலே வானம் இருக்கிறது. சுவாசக் கருவி பழுதானாலும், காற்று தீர்ந்தாலும், இறுதி வழியாக அவர் மேலே வந்துவிட முடியும். மூழ்கிய கப்பலின் அறை, நீர் நிரம்பிய சுரங்கம், வெள்ளம் புகுந்த குகை, அணையின் மதகுக் குழாய் ஆகியவற்றில் தலைக்கு மேலே இருப்பது கூரை. வந்த வழியே திரும்பினால்தான் உயிர். முகக்கண்ணாடியில் நீர் புகுவது, காலில் கயிறு சுற்றிக்கொள்வது, விளக்கு அணைவது போன்ற சிறு பிசகுகள் திறந்த கடலில் ஓர் அனுபவமாக முடிந்துவிடும். கூரையின் கீழே அவையே மரணத்தின் முதல் படியாகின்றன.

இதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிதானமாக உழைக்கும் ஒருவர் நீரின் மேற்பரப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பதாகக் கொள்வோம். 12 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட காற்று 2,400 லிட்டர். மேற்பரப்பில் இது இரண்டு மணி நேரத்துக்குப் போதும். ஆனால், ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 50 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஆறு மடங்கு. நிமிடத்துக்கு 120 லிட்டர் செலவாகும். இரண்டு மணி நேரம் இருபது நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த இருபதையும் முழுதாகப் பயன்படுத்த முடியாது. காற்றில் மூன்றிலொரு பங்கு உள்ளே செல்ல, மூன்றிலொரு பங்கு திரும்பி வர, எஞ்சிய பங்கு தனக்கோ துணைக்கு வந்தவருக்கோ ஆபத்து நேர்ந்தால் பயன்பட என்பதே குகை முக்குளிப்பின் அடிப்படை விதி. அதன்படி உள்ளே முன்னேறக் கிடைப்பது ஏழு நிமிடத்துக்கும் குறைவு. அச்சம் பற்றிக்கொண்டால் மூச்சு இரட்டிப்பாகும். கணக்கு முழுவதும் பொய்த்துவிடும்.

இது ஏட்டுக் கணக்கு அன்று. 2024 ஆகஸ்ட் 19-ஆம் தேதி அதிகாலையில் இத்தாலியின் சிசிலித் தீவுக்கு அருகே, போர்ட்டிசெல்லோ கடற்பகுதியில் ‘பேய்சியன்’ என்ற சொகுசுப் படகு புயலில் சிக்கி மூழ்கியது. படகில் இருந்த 22 பேரில் 7 பேர் இறந்தனர். படகு கிடந்த ஆழம் ஏறத்தாழ 50 மீட்டர். இத்தாலியத் தீயணைப்புத் துறையில் குகைகளுக்குள் முக்குளிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு பிரிவு இருக்கிறது, அவர்கள் அழைக்கப்பட்டனர். ஒவ்வொரு முறையும் அவர்கள் கீழே செலவிட முடிந்தது 12 நிமிடம் மட்டுமே. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த படகின் குறுகிய வழிகளை மரச்சாமான்களும் மின்கம்பிகளும் அடைத்திருந்தன. உள்ளே இருந்தவர்களின் உடல்கள் அனைத்தையும் வெளியே எடுத்து முடிக்க ஆகஸ்ட் 23 ஆகிவிட்டது. பணம், கருவி, பயிற்சி எதற்கும் குறைவில்லாத ஒரு நாட்டில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த படகின் கதை இது. மறு ஆண்டு மே மாதம், அந்தப் படகைத் தூக்கி நிறுத்தும் பணியில் ஈடுபட்டிருந்த நெதர்லாந்து நாட்டு முக்குளிப்பவர் ஒருவர் நீருக்கடியில் பணியாற்றும்போது உயிரிழந்தார். 2012-இல் இத்தாலியக் கரையோரம் கவிழ்ந்த ‘கோஸ்டா கான்கார்டியா’ பயணிகள் கப்பலை அகற்றும் பணியிலும், 2014 பிப்ரவரியில் ஸ்பெயின் நாட்டு முக்குளிப்பவர் ஒருவர் இறந்திருக்கிறார். விபத்தின் பலி எண்ணிக்கையில் இத்தகைய மரணங்கள் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை.

ஆழம் காற்றை மட்டுமல்ல, அறிவையும் குறைக்கிறது. சுமார் 30 மீட்டருக்குக் கீழே சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவருக்கு நைட்ரஜன் ஒருவகை மயக்கத்தைத் தருகிறது. மது அருந்தியவரைப் போல் அவரது முடிவெடுக்கும் திறன் மழுங்குகிறது. மழுங்கியிருப்பதையே அவர் உணர்வதில்லை. ஹீலியம் கலந்த வாயுவைப் பயன்படுத்தினால் இது குறையும். அதற்குத் தனிப் பயிற்சியும் பெரும் செலவும் தேவை. கீழே நெடுநேரம் இருந்தவர் படிப்படியாக நின்று நின்றுதான் மேலே வர வேண்டும். விரைந்து வந்தால் உடலில் கரைந்த வாயு குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். அதற்குரிய அழுத்த அறை அருகில் இல்லாவிட்டால் நிரந்தர முடக்கம் நேரலாம், மரணமும் நேரலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக வண்டல். மூழ்கிய கட்டமைப்பின் தரையில் படிந்திருக்கும் நுண்ணிய சேறு ஒரே ஒரு காலுதைப்பில் கிளம்பிவிடும். பிறகு கையை முகத்துக்கு முன்னால் வைத்தாலும் தெரியாது. வெளிவிடும் மூச்சுக் குமிழிகள் மேற்கூரையைத் தட்டி, அங்குள்ள துருவையும் கரித்தூளையும் மழையாகப் பொழியச் செய்யும். ஒரு நொடிக்கு முன் தெளிவாக இருந்த அறை மறுநொடி மைக்குடுவையாகிவிடுகிறது. நிலக்கரிச் சுரங்கத்தின் நீரோ தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். உடைந்த மரத்தாங்கிகளும் அறுந்த கயிறுகளும் அதில் மிதந்துகொண்டிருக்கும். ‘எலி வளை’ எனப்படும் பக்கவாட்டுத் துளைகளின் உயரம் இரண்டு மூன்று அடிதான். முதுகில் சிலிண்டரைச் சுமந்தவரால் அங்கே திரும்பக்கூட முடியாது. மேலே பம்புகள் நீரை இறைக்க இறைக்க, நீரின் தாங்குதலை இழந்த சுவர்கள் சரியும் அபாயமும் உண்டு.

எங்காவது காற்றுப் பை அகப்பட்டால் முகத்தை நீட்டி மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் ஆபத்தானது. மூடிய இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அழுகும் பொருட்கள் நச்சு வாயுவை வெளியிடுகின்றன. இதற்கு ஓர் அரிய விலக்கும் உண்டு. 2013 மே மாதம் நைஜீரியக் கடலோரத்தில் ‘ஜேஸ்கான்-4’ என்ற இழுவைக் கப்பல் கவிழ்ந்து ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் அமிழ்ந்தது. உடல்களைத் தேடி உள்ளே சென்ற முக்குளிப்பவர்கள், கப்பலின் சமையல்காரர் ஹாரிசன் ஒகேனேவை உயிருடன் கண்டனர். சிறு காற்றுப் பைக்குள் அவர் ஏறத்தாழ 60 மணி நேரம் பிழைத்திருந்தார். அத்தனை நேரம் அந்த ஆழத்தின் அழுத்தத்தில் இருந்ததால் அவரை நேராக மேலே கொண்டுவந்திருந்தால் இறந்திருப்பார். அழுத்தம் காத்த முக்குளிப்பு மணியும் அழுத்த அறையும் கப்பலில் தயாராக இருந்ததால் அவர் பிழைத்தார். பின்னாளில் அவரே தொழில்முறை முக்குளிப்பவர் ஆனார். உடன் இருந்த 11 பேர் பிழைக்கவில்லை. இந்த ஒரு நிகழ்வின் காணொளியை உலகமே பார்த்திருக்கிறது. அதனாலேயே, மூழ்கிய எந்தக் கட்டமைப்புக்குள்ளும் யாரோ ஒருவர் உயிரோடு இருப்பார் என்ற எதிர்பார்ப்பும், உடனே இறங்க வேண்டும் என்ற வற்புறுத்தலும் ஒவ்வொரு விபத்திலும் எழுகின்றன.

வீரத்துக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாட்டை 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகை காட்டியது. வெள்ளம் சூழ்ந்த குகையில் 12 சிறுவர்களும் அவர்களின் கால்பந்துப் பயிற்றுநரும் சிக்கியபோது முதலில் இறங்கியவர்கள் அந்நாட்டுக் கடற்படையின் சிறப்பு வீரர்கள். துணிவிலும் உடல்வலுவிலும் அவர்களுக்கு நிகர் இல்லை. ஆனால், அவர்களது பயிற்சி திறந்த கடலுக்கானது, கருவிகளும் அப்படியே. ஜூலை 2-ஆம் தேதி சிறுவர்களைக் கண்டறிந்தவர்கள் ரிக் ஸ்டாண்டன், ஜான் வோலாந்தன் என்ற இரு பிரிட்டானியர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், மற்றவர் கணினித் துறை ஆலோசகர். பல பத்தாண்டுகளாக வார இறுதிகளில் இங்கிலாந்தின் குளிர்ந்த, கலங்கிய, குறுகிய குகைகளில் முக்குளித்தே பழகியவர்கள். சிலிண்டரை முதுகில் சுமக்காமல் விலாப்புறத்தில் பொருத்திக்கொண்டு இடுக்குகளில் நுழைவது அவர்களுக்குக் கைவந்த கலை.

சிறுவர்களைத் தேடிய தொடக்க நாட்களில் குகைக்குள் சிக்கியிருந்த நீர் இறைக்கும் பணியாளர்கள் நால்வரை இந்த இருவரும் நீருக்கடியில் வெளியே கொண்டுவர நேர்ந்தது. கடக்க வேண்டியிருந்த தூரம் மிகச் சிறியது. அதற்குள்ளேயே, வளர்ந்த ஆண்களான அவர்கள் அஞ்சித் திமிறினர். அந்த அனுபவம் பின்னர் எடுத்த முடிவுக்கு ஓர் அடிப்படையாயிற்று: சிறுவர்களுக்கு நீந்தக் கற்றுத்தருவதில் பயன் இல்லை, மயக்க மருந்து கொடுத்து, சுவாசக் கருவி பொருத்தி, பொதிபோல் சுமந்துதான் வர வேண்டும். குகை முக்குளிப்பில் தேர்ந்தவரான ஆஸ்திரேலிய மயக்கவியல் மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் அதைச் செய்தார். ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாட்களில் பதின்மூன்று பேரும் வெளியே வந்தனர்.

அதற்கு முன்பே ஓர் உயிர் போயிருந்தது. தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமான் குனான், குகைக்குள் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஜூலை 6-ஆம் தேதி இறந்தார். அந்தப் பணியில் நோய்த்தொற்றுக்கு ஆளான இன்னொரு கடற்படை வீரர் 2019 டிசம்பரில் மறைந்தார்.

அப்படியானால் இந்தப் பயிற்சி எத்தகையது? இதன் இலக்கணமே இறந்தவர்களின் கணக்கிலிருந்து எழுதப்பட்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து நன்னீர்க் குகைகளில் 1960, 70-களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஷெக் எக்ஸ்லி என்ற குகை முக்குளிப்பாளர் அந்த விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979-இல் ஒரு சிறு நூல் எழுதினார். வாயிலிலிருந்து தொடர்ச்சியாக வழிகாட்டும் கயிறு இல்லாமை, திரும்புவதற்குப் போதிய காற்றை ஒதுக்காமை, சாதாரணக் காற்றுடன் அளவுக்கு மீறிய ஆழத்துக்குச் செல்லுதல் ஆகிய மூன்றுமே மீண்டும் மீண்டும் உயிரைப் பறித்தன என்பது அவர் கண்ட முடிவு. முறையான பயிற்சி, ஒவ்வொருவருக்கும் மூன்று விளக்குகள் என்பவை பின்னர் சேர்க்கப்பட்டன. இறந்தவர்களில் திறந்த நீரில் மிகுந்த அனுபவம் கொண்டவர்களும், பிறருக்கு முக்குளிப்புக் கற்பித்த ஆசிரியர்களும் இருந்தனர். இந்தத் துறையில் அரைகுறை அனுபவத்தைவிட, தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையே கொடியது.

அந்தப் பயிற்சியைப் பார்ப்பவருக்கு அதில் வீரம் எதுவும் தெரியாது. முதல் நாள் பாடம் நீரிலேயே நடப்பதில்லை. மரங்களுக்கிடையே கயிற்றைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வளையத்துக்குள் கயிற்றை ஓடவிட்டுத் தரையில் நடந்து பழகுகிறார்கள். கயிற்றில் செருகப்படும் சிறு அம்புக்குறிகள் எப்போதும் வாயிலையே காட்ட வேண்டும். இருளில் தடவிப் பார்த்தே திசை அறிய வேண்டும். பிறகு அதையே நீருக்கடியில், முகக்கண்ணாடியை மறைத்துக்கொண்டு செய்ய வேண்டும். கயிற்றைத் தவறவிட்டால் தேடும் முறை, துணைவரின் காற்று தீர்ந்துவிட்டால் இரண்டு மீட்டர் நீளக் குழாய் வழியே தன் காற்றைப் பகிர்ந்தபடி ஒருவர்பின் ஒருவராக வெளியேறும் முறை, தரையின் வண்டல் கலங்காமல் தவளைபோல் காலை வீசும் முறை என ஒவ்வொன்றும் நூறு முறை, இருநூறு முறை. மனம் தடுமாறும்போதும் கை தானாகச் செய்ய வேண்டும் என்பதே நோக்கம். வெளிச்சம் எட்டும் தொலைவு, பின்னர் சிறு தொலைவு, பின்னர் முழுக் குகை என்று படிப்படியாகவே அனுமதி கிடைக்கும். தேர்ச்சிச் சான்று பெற்றவர்கூட மீட்புப் பணிக்குத் தகுதியானவர் அல்லர். உடலைச் சுமந்து வருவது, கலங்கிய நீரில் இடிபாடுகளை அறுப்பது ஆகியவற்றுக்கு மேலும் பயிற்சி வேண்டும்.

இனி, நமது நிலை. மேகாலயத்தின் கிழக்கு ஜெயின்டியா மலை மாவட்டம் க்சான் பகுதியில் 2018 டிசம்பர் 13-ஆம் தேதி சட்டவிரோதச் சுரங்கம் ஒன்றில் ஆற்று நீர் புகுந்து 15 தொழிலாளர்கள் சிக்கினர். எலி வளைச் சுரங்கங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-லேயே தடை செய்திருந்தது என்பது வேறு கதை. சுரங்கத்தின் ஆழம் சுமார் 370 அடி. நீர்மட்டம் ஏறத்தாழ 40 அடிக்குக் குறைந்தால்தான் தங்கள் வீரர்கள் இறங்க முடியும் என்று தேசியப் பேரிடர் மீட்புப் படை தெரிவித்தது. போதிய திறனுள்ள பம்புகள் வந்து சேர்வதற்குள் நாட்கள் ஓடின. மீட்புப் பணியின் போக்கு குறித்து உச்ச நீதிமன்றமே அதிருப்தி தெரிவித்தது. ஜனவரி மத்தியில், கடற்படையின் தொலைவிலிருந்து இயக்கும் ஆளில்லாக் கருவிதான் முதல் உடலைக் கண்டறிந்தது. கடைசிவரை வெளியே வந்தவை இரண்டு உடல்கள் மட்டுமே. ஆறு ஆண்டுகள் கழித்து உம்ராங்சோவில் அரங்கேறியது அதே காட்சிதான். தடைசெய்யப்பட்ட முறையிலான சுரங்கம், வரைபடம் இல்லாத வளைகள், தொலைவிலிருந்து வர வேண்டிய கடற்படை, காலம் தாழ்ந்து வரும் பம்பு.

வடகிழக்கைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலின்போது சென்னை வேளச்சேரியில் கட்டுமானப் பணிக்காகத் தோண்டியிருந்த சுமார் 50 அடிப் பள்ளத்தில் மண் சரிந்து, இருவர் சிக்கினர். மாநகரின் நடுவே, எல்லாத் துறைகளும் கூடி நின்றும், உடல்களை எடுக்க நான்கு நாட்கள் ஆயின. 2019 செப்டம்பர் 15-இல் ஆந்திரத்தின் கச்சுலூரு அருகே கோதாவரியில் சுற்றுலாப் படகு மூழ்கியது. 200 அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில் சேற்றில் புதைந்த அந்தப் படகை அக்டோபர் 22-ஆம் தேதி கரைசேர்த்தவர் காக்கிநாடாவைச் சேர்ந்த தர்மாடி சத்யமும் அவரது குழுவினரும். இரும்புக் கயிறும் நங்கூரமும் தலைமுறை அனுபவமுமே அவர்களின் கருவிகள். இத்தகைய உள்ளூர் வல்லுநர்களை நாம் விபத்து நேரும்போது தேடுகிறோம், பாராட்டுகிறோம், மறந்துவிடுகிறோம். அவர்களுக்குக் காப்பீடு உண்டா, மருத்துவப் பரிசோதனை உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தியக் கடற்படையிடம் உயர்ந்த திறன் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. 2013 ஆகஸ்ட் 14-ஆம் தேதி மும்பைத் துறைமுகத்தில் வெடித்து மூழ்கிய ‘சிந்துரக்ஷக்’ நீர்மூழ்கிக்குள், உள்ளே நீர் கொதித்துக்கொண்டிருந்த நிலையிலும், எதுவும் புலப்படாத இருளில் வீரர்கள் இறங்கினர். அந்த விபத்தில் 18 பேர் மாண்டனர். 2025 ஜூலையில் விசாகப்பட்டினத்தில் படையில் சேர்க்கப்பட்ட ‘நிஸ்தார்’ கப்பல் 300 மீட்டர் ஆழம் வரை முக்குளிப்புப் பணிக்குத் துணைநிற்கக் கூடியது. ஆனால், அந்தக் கப்பல் உம்ராங்சோ மலைக்கு வராது. கடலில் பணியாற்றும் ஏற்பாட்டைச் சுரங்கத்துக்கும் கிணற்றுக்கும் அணைக்கும் பெயர்த்துக் கொண்டுவர முடியாது. இத்தாலியைப் போல, குடிமைத் துறைக்குள்ளேயே கூரையின் கீழ் முக்குளிப்பதற்கென்று சிறு குழுக்களை உருவாக்குவதே சரியான வழி. பெரும்படை தேவையில்லை. நாட்டில் நான்கைந்து இடங்களில், தலா பத்துப் பன்னிரண்டு பேர் போதும். தென்னகத்துக்கு அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படைத் தளமே பொருத்தமான இடம். அவர்களுடன் ஆளில்லாக் கருவிகள், பெயர்த்துச் செல்லத்தக்க அழுத்த அறை, உயர்திறன் பம்புகள் ஆகியவை ஒரே தொகுதியாகப் புறப்பட வேண்டும். மனிதரை இறக்குவது கடைசி வழி. பம்பும் கருவியும் முதல் வழி.

இறங்கலாமா கூடாதா என்ற முடிவு யாருடையது என்பதையும் எழுத்தில் வரையறுக்க வேண்டும். முக்குளிப்பு மேற்பார்வையாளர் ‘முடியாது’ என்றால் மாவட்ட ஆட்சியரோ அமைச்சரோ அதை மாற்ற முடியாத நிலை வேண்டும். 2014 ஏப்ரலில் தென் கொரியாவில் ‘செவோல்’ கப்பல் மூழ்கி, பெரும்பாலும் பள்ளி மாணவர்களான 304 பேர் மாண்டபோது, மக்களின் கொதிப்புக்கு நடுவே கடும் நீரோட்டத்தில் தேடுதல் நடந்தது. தேடச் சென்ற தனியார் முக்குளிப்பவர்கள் இருவர் பலியாயினர். அவர்களில் ஒருவரது மரணத்துக்காக, உடன் பணியாற்றிய மூத்த முக்குளிப்பவர் மீதே வழக்குத் தொடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் அலைந்த பிறகே அவர் விடுவிக்கப்பட்டார். ஆணையிட்டவர்கள் மேலே இருக்க, கீழே இறங்கியவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்.

எனினும், ‘ஆபத்து, இறங்காதே’ என்ற விதி அலட்சியத்துக்குத் திரையாகிவிடவும் கூடாது. 2022 பிப்ரவரி 25-ஆம் தேதி டிரினிடாட் நாட்டில், கடலடி எண்ணெய்க் குழாயைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஐந்து முக்குளிப்பவர்கள், அழுத்த வேறுபாட்டால் 30 அங்குலக் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டனர். ஒருவர் மட்டும் சில மணி நேரத்தில் தானே ஊர்ந்து வெளியே வந்து, மற்றவர்கள் உள்ளே உயிரோடு இருப்பதைச் சொன்னார். உள்ளே செல்ல முன்வந்தவர்களையும் தடுத்த அரசுத் துறை நிறுவனமான பேரியா, வேறு மீட்புத் திட்டம் எதையும் வகுக்கவில்லை. நால்வரும் இறந்தனர். விசாரணை ஆணையம் அந்த நிறுவனத்தைக் கடுமையாகச் சாடி, குற்றவியல் நடவடிக்கையைப் பரிசீலிக்கப் பரிந்துரைத்தது. தடுத்தது மட்டுமே அங்கு குற்றமன்று. இத்தகைய விபத்து நேரலாம் என்று முன்பே கணித்து, மீட்புக்குத் தகுதியானவர்களை அருகில் நிறுத்தாததே முதன்மைக் குற்றம்.

இந்த அழுத்த வேறுபாடு அணைகளும் ஏரிகளும் நிறைந்த தமிழகத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. 10 மீட்டர் ஆழத்தில் உள்ள ஒரு மதகில், ஓரடிக்கு ஓரடி அளவே உள்ள திறப்பின் மறுபுறம் நீர் இல்லை என்று கொள்வோம். அந்தத் திறப்பை உடலால் அடைக்க நேர்ந்தவர் மீது அழுத்தும் விசை ஏறத்தாழ 900 கிலோ. ஒரு காரின் எடை. கண்ணுக்குத் தெரியாது, ஓசை இருக்காது. அருகில் சென்றபின் விலகவும் முடியாது. எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும், மறுபுறம் நீர் நிரம்பும்வரை அவரை விடுவிக்க இயலாது. கழிவுநீர்த் தொட்டியில் மயங்கியவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவதும், அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவதும், மூவரும் மடிவதும் நாம் செய்தித்தாளில் அடிக்கடி படிப்பது. மதகிலும் அதே தொடர்மரணம் நிகழக்கூடும்.

பொழுதுபோக்குக்காக முக்குளிப்போர் பெருகிவரும் காலமும் இது. சென்னையிலும் புதுச்சேரியிலும் ஸ்கூபா பயிற்சி நிலையங்கள் இயங்குகின்றன. கிழக்கிலங்கையில் மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டன் விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹெர்ம்ஸ்’ 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. அதைக் காணப் பல நாட்டினர் வருகின்றனர். பொழுதுபோக்கு முக்குளிப்பின் உச்ச வரம்பே 40 மீட்டர். தொடக்கநிலைச் சான்று 18 மீட்டருக்கு மட்டுமே உரியது. எந்தக் கூரைக்கு அடியிலும் நுழைய அது அனுமதிப்பதில்லை. வெளியிலிருந்து கப்பலைப் பார்ப்பது வேறு, அதன் கதவுக்குள் நுழைவது வேறு என்பதை ஒவ்வொரு நிலையமும் முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டும். சுற்றுலாத் துறை இதைக் கண்காணிப்பது கடினமன்று.

பொதுப்பணிகளில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. மதகு, நீரேற்று நிலையம், துறைமுகக் குழாய் போன்றவற்றில் நீருக்கடியில் பழுதுபார்க்க விடப்படும் ஒப்பந்தப்புள்ளிகளில் விலையை மட்டும் பார்க்காமல், சில நிபந்தனைகளைக் கட்டாயமாக்கலாம். மேலிருந்து குழாய் வழியே காற்று வழங்கும் முறை, கீழே இருப்பவருடன் இடையறாத பேச்சுத் தொடர்பு, முழு உடையுடன் கரையில் காத்திருக்கும் மாற்று முக்குளிப்பவர், அவர் இறங்கும் முன் இருபுறமும் நீர்மட்டத்தைச் சமன்செய்து மதகைப் பூட்டி அதன் சாவியை மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்ததற்கான கையெழுத்து, பணியாளருக்கு ஆயுள் காப்பீடு. பிரிட்டனில் தொழில்முறை முக்குளிப்புக்கென 1997-ஆம் ஆண்டின் தனி விதிமுறைகள் நடைமுறையில் உள்ளன. ஒவ்வொரு பணிக்கும் எழுத்துவடிவிலான திட்டமும், பொறுப்பேற்கும் மேற்பார்வையாளரும் இல்லாமல் யாரும் நீரில் இறங்க முடியாது. தமிழக நீர்வளத் துறை அடுத்த தூர்வாரும் பருவத்துக்கான ஒப்பந்தங்களைக் கோரும் முன்பே இந்த நிபந்தனைகளைச் சேர்த்துவிடலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.